குதிரை மாற்றிய இடத்தில் நான் எடுத்தது

மகனே,

நம் சங்கத்தின் இந்த ஆண்டு மலர் சிட்னியில் உன் வீட்டுக்கு வந்து சேரும்போது உன் கல்யாணத்துக்கு மூன்று கிழமை மிச்சமிருக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கதைக்கிறோம். அப்படியிருக்க, இங்கே மெல்பேர்னில் நோபல் பார்க்கிலும் டாண்டினோங்கிலும் உள்ள எல்லோரும் புரட்டுகிற மலரில் அப்பா எனக்கு ஏன் எழுதுகிறார் என்று நீ கோபப்படுவாய். கோபப்படு. குலம் மாமா உன் கல்யாணத்துக்கு வருவதும் வராததும் இந்தக் கடிதத்தில் தங்கியிருக்கிறது. மாமா ஏன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று யார் கேட்டாலும் பதினொரு வருஷமாக நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். அந்தப் பதில் பொய். அதைப் பத்துக் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கூடத்தில் உரத்துச் சொன்னவன் நான். ஆகையால் உண்மையையும் அதே ஆட்களின் காதில் விழச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ மாமாவுக்கு அழைப்பு அனுப்பியது எனக்குத் தெரியும். பூ விரிந்து நாதஸ்வரம் ஒலிக்கிற வாட்ஸ்அப் அட்டை; கீழே வருகிறேன், வரவில்லை என்று இரண்டு பொத்தான். "அப்பா, மாமா ஹாஸன்ட் ரெஸ்பாண்டட்" என்று சொன்னாய். அவன் எப்படி அழுத்துவான்? எங்கள் ஆட்களில் கல்யாணம் அனுப்புகிற காரியமில்லை, போய்ச் சொல்லுகிற காரியம். பெற்றவர்கள் படியேறிப் போய், அட்டையை இரண்டு கையாலும் கொடுத்து, "இன்ன நாள், இன்ன இடம், நீங்கள் முன்னுக்கு நிண்டு நடத்தோணும்" என்று சொல்ல வேண்டும். சொல்லாத கல்யாணத்துக்கு அடுத்த வீட்டுக்காரனே வரமாட்டான், தாய்மாமன் வருவானா? அதுவும் பால் அறுகுக்கு. நீ கட்டப்போகிற ஷாலினியின் வீட்டார் மலேசியாக்காரர், அவர்களுக்கு இது புதிது என்று சொன்னாய். அவளுக்கு விளக்கிச் சொல். கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையை இருத்தி, பாலில் தோய்த்த அறுகம்புல்லைத் தலையில் வைத்து முழுக்காட்டுவார்கள். முதல் கை தாய்மாமனுடையது. அதற்குப் பிறகுதான் மற்ற எல்லோரும்.

உன் அம்மா இரண்டு மாதத்துக்கு முன் குசினியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "என்ர பிள்ளையின்ர தலையில என்ர சகோதரம் கை வைக்காட்டி நான் மணவறைக்குக் கிட்ட வரமாட்டன். பந்தியில இருந்து சாப்பிட்டிட்டு வந்திடுவன்." அவள் சத்தம் போடுகிறவள் அல்ல என்பது உனக்குத் தெரியும். சத்தம் போட்டிருந்தால் நான் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பியிருப்பேன்.

எனக்கும் மாமாவுக்கும் இடையில் இருந்ததை முதலில் விளங்கிக்கொள். நான் பொறியியல் படித்தவன். அவன் ஒன்பதாம் வகுப்போடு விட்டவன். ஆனால் இந்த நாட்டுக்கு அவன் எனக்கு ஆறு வருஷம் முன்னதாக வந்தான், டாக்சி ஓட்டினான், எங்களைக் கூப்பிட அலைந்து படிவம் நிரப்பினான். நாங்கள் வந்து இறங்கியதும் அவனுடைய கராஜில் எட்டு மாதம் இருந்தோம். நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். என் பட்டத்தை மதிப்பிட்ட ஒருவர், முகத்தைக்கூடப் பார்க்காமல், இன்னும் இரண்டு வருஷம் படித்துவிட்டு வா என்று எழுதியனுப்பினார். நான் படிக்கவில்லை. ஒரு தொழிற்சாலைக் களஞ்சியத்தில் பெட்டி எண்ணினேன். பிறகு ஒரு நகரசபைக்கு வடிகால் மூடி பார்க்கிற வேலை. இன்றைக்கும் அதே வேலை. என்னோடு படித்த இருவர் பாலம் கட்டுகிறார்கள். நான் பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறதா என்று குனிந்து பார்க்கிறேன். இதற்கெல்லாம் குலம் காரணமில்லை. ஆனால் மனிதன் தன் கோபத்தைக் கைக்கெட்டிய ஆளிடம்தான் வைப்பான். "அத்தான், ஒரு சோதினைதானே, எழுதிப் பாருங்கோவன்" என்று அவன் ஒவ்வொரு வருஷமும் சொன்னான். நல்ல மனதோடு சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒன்பதாம் வகுப்புக்காரன் எனக்குப் படிப்பைப் பற்றி நல்ல மனதோடு சொல்வது!

நாங்கள் இருவரும் சண்டையில்லாமல் இருந்த ஒரே இடம் பழைய கோச் நிறுத்தங்கள். நீ அதைக் கிழடுகளின் விளையாட்டு என்பாய். ஷாலினிக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ரயில் வருவதற்கு முன் மெல்பேர்னிலிருந்து தங்க வயல்களுக்குக் குதிரைக் கோச் வண்டிகள் ஓடின. பத்துப் பன்னிரண்டு மைலுக்கு ஒருதரம் குதிரைகளை மாற்றியாக வேண்டும். அங்கே ஒரு லாயம், ஒரு கிணறு, பயணிகளுக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் கிடைக்கிற ஒரு வீடு. ரயில் வந்ததும் எல்லாம் ஒரே அடியில் செத்தன. இன்றைய நெடுஞ்சாலை வேறு வழியால் போகிறது. பழைய வழியை ஆட்டுப் புல்வெளிகளுக்கு நடுவே தேட வேண்டும். குலம் நூலகத்தில் பழைய வரைபடங்களைப் படம் பிடித்து வருவான். நான் அளவு போட்டுத் தூரம் கணிப்பேன். என் படிப்பு இந்த நாட்டில் உபயோகப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

இடத்தைக் கண்டுபிடிக்க அடையாளங்கள் இருக்கின்றன. வீடே இல்லாத வெளியில் ஆகஸ்ட் முடிவில் மஞ்சள் டஃபடில் பூக்கள் ஒரு கோடாகப் பூத்திருந்தால் அங்கே ஒரு காலத்தில் வாசல் இருந்தது. மிளகு போலச் சிவந்த காய் காய்க்கும் பெப்பர்கோர்ன் மரம் தனியாக நின்றால் அதன் கீழே குதிரை கட்டினார்கள். புதியவர்கள் இடிந்த சுவரைச் சுற்றி, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஒலிக்கிற கருவியை ஆட்டிவிட்டு ஆணி மட்டும் கிடைத்தது என்று போய்விடுவார்கள். சுவரடியில் ஒன்றும் இருக்காது. வண்டி நின்ற இடத்தில்தான் இருக்கும். நாலு மணிநேரம் குலுங்கி வந்தவன் கால் மரத்துப்போய்க் குதிப்பான். அவன் பையிலிருந்து மூன்று பென்ஸ் காசு விழும், சட்டைப் பொத்தான் தெறிக்கும், புகைக்கிற வெண்களிமண் சுங்கானின் காம்பு முறியும். இறங்கின இடம், நிழலுக்கு ஒதுங்கின இடம், மறைவுக்குப் போன இடம், இந்த மூன்றுதான். கருவி இரும்புக்கு உறுமும், வெள்ளிக்கு மணி மாதிரிக் கூவும். அந்தக் கூவலைக் கேட்டால் ஐம்பது வயது ஆளும் முழங்காலில் விழுந்து மண்ணைக் கிளறுவான். தொல்லியல் பட்டியலில் உள்ள இடங்களை நாங்கள் தொட்டதில்லை. சொந்தக்காரரிடம் கேளாமல் ஒரு வேலியும் தாண்டியதில்லை. கேட்பது குலத்தின் வேலை. அவனுடைய உடைந்த ஆங்கிலத்துக்குத் திறந்த வாசல்கள் என் இலக்கண ஆங்கிலத்துக்குத் திறக்கவில்லை. அதையும் நான் மனதில் குறித்து வைத்திருந்தேன்.

பென்டிகோ ஊர்ப் பக்கம் கென் என்று ஒரு கிழவர். அவருடைய பூட்டன் நடத்திய நிறுத்தம் அது. முதல்நாளே எங்களை வராந்தாவில் இருத்தி ஒரு கதை சொன்னார். பூட்டனுக்குச் சட்டைப்பையில் வைக்கிற ஒரு வெள்ளிச் சங்கிலி மணிக்கூடு இருந்ததாம், மூடியில் அவர் பெயரின் முதலெழுத்துக்கள் வெட்டியிருந்ததாம். ஒருநாள் காணாமற்போயிற்று. லாயத்தில் குதிரை தேய்த்த ஜாக் என்பவன்தான் எடுத்தான் என்று சொல்லி, சவுக்கால் அடித்துத் துரத்தினாராம். அதற்குப் பிறகு அந்த வீதி நெடுக ஒரு நிறுத்தத்திலும் ஜாக்குக்கு வேலை கொடுக்கவில்லை. "நீங்கள் எதை எடுத்தாலும் கொண்டுபோங்கள்" என்றார் கென். "அந்த மணிக்கூடு மட்டும் கிடைத்தால் எனக்குக் காட்டுங்கள். அது மண்ணுக்குள் இருந்தால் ஜாக் எடுக்கவில்லை. என் அக்காவுக்கு அதை அறிய வேண்டும். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அந்த மனிதனின் கதை உறுத்திக்கொண்டிருக்கிறது." குலம் என் பக்கம் திரும்பித் தமிழில், "பாவம் அத்தான், நூறு வருசத்துக்கு மேல ஒருத்தன் கள்ளனாவே கிடக்கிறான்" என்றான்.

அங்கே நாலாம் தடவை போன அன்று குலம் போத்தல் குப்பை கிடந்த சரிவில் நின்றான். நான் பெப்பர்கோர்ன் மரத்தடியில். கருவி கூவிற்று. ஒரு சாண் ஆழம். கையுறையைக் கழற்றி விரலால் மண்ணை வழித்தபோது வட்டமாக ஒரு மூடி, அதில் இரண்டு எழுத்து. கென் சொன்ன எழுத்துக்கள். நான் எழும்பிக் கூப்பிட்டிருக்க வேண்டும். முழங்காலிலேயே இருந்தேன். என் மனதில் ஓடியதை அலங்காரமில்லாமல் எழுதுகிறேன்: இந்த நாட்டில் நான் படித்ததற்கு ஒன்றும் தரவில்லை, இதை மட்டும் நானாகக் கண்டெடுத்தேன், இதையும் ஒரு வெள்ளைக்காரக் கிழவனிடம் கொடுத்து நன்றி வாங்கிக்கொண்டு போகவா? அவ்வளவுதான். பேராசை என்றுகூடச் சொல்ல முடியாது. விற்க நினைக்கவில்லை. சப்பாத்தைத் தளர்த்தி மணிக்கூட்டைச் சொக்ஸுக்குள் விட்டேன். கென் தேத்தண்ணிப் போத்தலோடு வந்து, "ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்டார். "ஆணிதான்" என்றேன்.

காரில் வரும்போது குலம் என் கையுறையை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "அத்தான், கனநேரம் முழங்காலில இருந்தீங்கள். என்ன எடுத்தனீங்கள்?" என்றான்.

"ஒண்டுமில்லை. லாடம் ஒண்டு. உடைஞ்சது."

"லாடத்துக்கு ஆர் கையுறையைக் கழட்டுறது?"

நான் வானொலிச் சத்தத்தைக் கூட்டிவைத்தேன். அவன் அடுத்த கிழமையும் கேட்டான், அதற்கடுத்த கிழமையும் கேட்டான். ஒவ்வொரு தடவையும் கொடுத்துவிடுவது ஒரு படி கூடக் கடினமாயிற்று. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நீயும் என்னைப்போல வாயை மூடிக்கொள்கிற ஆள். முதல்நாள் சொல்லியிருந்தால் அது ஒரு சபலம். மூன்றாம் கிழமை சொன்னால் அது களவு. ஷாலினியிடம் சொல்ல வேண்டியது எதுவாயிருந்தாலும் காருக்குள்ளேயே சொல்லிவிடு. வீடு வந்து சேர விடாதே.

பிறகு அந்தப் பிறந்தநாள் விருந்து. நோபல் பார்க்கில், பெயர் வேண்டாம், யாருடைய வீடென்று இதைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். நீ கிளேட்டனில் பல்கலைக்கழகம் தொடங்கிய வருஷம். நீயும் வந்திருந்தாய், வாசலடியில் கதிரை போட்டு உன் சிநேகிதர்களோடு இருந்தாய். குலம் இடியப்பத் தட்டோடு என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்: "அத்தான், அந்தச் சாமானைக் கிழவனிட்டக் குடுத்திடுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். தபாலிலயெண்டாலும் அனுப்புங்கோ." தாழ்த்திச் சொன்னாலும் எதிரில் இருந்த இருவர் நிமிர்ந்தார்கள். "என்ன சாமான்?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டு கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பி, அந்தக் கூடம் முழுக்கக் கேட்க, "நீ களவெடுத்ததை என்ர தலையில போடுறியோ? கிழவன்ர காணியில மணிக்கூடு எடுத்து ஒளிச்சது நீ. உன்னால எனக்கும் அங்க போக முகமில்லை" என்றேன்.

நான் அதைத் திட்டமிடவில்லை. என் வாயிலிருந்து அது முழு வசனமாக, எழுவாய் பயனிலையோடு வந்தது. குலம் மறுக்கவில்லை. அவன் உன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தட்டை மேசையில் வைத்துவிட்டு, கை கழுவாமலே போய்விட்டான். அவன் போனதும் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது: "படிச்ச மனுசன் ஏன் பொய் சொல்லப் போறார்?" இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளிலிருந்து நான் ஏங்கிய மரியாதை அது. என் பட்டத்தை இந்த நாட்டில் முதல்தரம் மதித்தவர்கள் அந்தக் கூடத்தில் இருந்தவர்கள்தான், அதுவும் ஒரு பொய்க்காக.

அதற்கு இரண்டு மாதம் கழித்து நீ மாமாவை ஒரு கடை வாசலில் கண்டாய். என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னாய்: "அப்பா, ஐ டோல்ட் ஹிம். முதல்ல அப்பாட்ட சொரி சொல்லுங்கோ, பிறகு என்னோட கதையுங்கோ எண்டு சொன்னனான்." உனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவன், கார் ஓடப் பழக்கியவன். நான் உன் தோளில் தட்டினேன். இந்தக் கடிதத்தில் எழுதக் கூசுகிற ஒரே வரி அதுதான். மணிக்கூட்டை எடுத்ததற்குக்கூட எனக்குள் ஒரு நியாயம் இருந்தது. அந்தத் தட்டலுக்கு இல்லை.

பிறகு பதினொரு வருஷம். மணிக்கூட்டைப் பையில் போட முடியாது, காட்ட முடியாது, விற்க முடியாது. எறியவும் முடியவில்லை, எறிந்தால் திரும்பிப் போகிற வழியும் போய்விடும். சோற்றுக் குக்கர் வந்த பழைய பெட்டிக்குள் கராஜில் வைத்திருந்தேன். அம்மா கராஜைத் துப்புரவாக்கப் போகிறேன் என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும் நான்தான் செய்வேன் என்று ஓடினேன். எனக்குச் சுத்தத்தில் அக்கறை வந்துவிட்டதாக அவள் உன்னிடம் பகிடி சொன்னாள். நம் ஆட்கள் கூடும் இடமெல்லாம் யாராவது, "குலத்தோட இன்னும் கதையில்லையோ?" என்று கேட்பார்கள். நானும் அதே கதையைத் திருப்பிச் சொல்வேன். திருப்பிச் சொல்லச் சொல்ல அது திருத்தமாயிற்று. கடைசியில் குலம் எந்த மரத்தடியில் குனிந்தான், எந்தக் கையால் எடுத்தான் என்றெல்லாம் என்னால் சொல்ல முடிந்தது. பொய் சொன்னவன் மறக்கலாம் என்று நினைப்பாய். மறக்க முடியாது, மகனே. உண்மையை மறந்தாலும் ஒன்றும் ஆகாது, அது தன்பாட்டில் இருக்கும். பொய்க்கு நாள்தோறும் காவல் இருக்க வேண்டும். நீ வேலை கிடைத்துச் சிட்னிக்குப் போனபோது அம்மா அழுதாள். எனக்கு மூச்சு வந்தது. ஒரு சாட்சி குறைந்தது என்று. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம், அட்டையையும் அந்தப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ரோவிலில் மாமா வீட்டுக்குப் போனேன். அம்மாவைக் கூட்டிப்போகவில்லை. கதவைத் திறந்தது மாமாவின் மனைவி ராணி அன்ரி. என்னைக் கண்டதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "இஞ்சருங்கோ, வெளியில ஒரு சிலை நிக்குது. உங்கட அத்தான் மாதிரிக் கிடக்கு." பிறகு என்னிடம், "படியில நிண்டு தவம் செய்யாமல் உள்ளுக்கு வாங்கோ. பதினொரு வருசம் நிண்டது காணும்" என்றாள். குலம் வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வாங்கோ, இருங்கோ" என்றான். அத்தான் என்று சொல்லவில்லை. அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வராததை நான் கவனிப்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அட்டையை இரண்டு கையாலும் நீட்டி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவன் வாங்கவில்லை. பெட்டியைத் திறந்து மணிக்கூட்டை மேசையில் வைத்தேன். ராணி அன்ரி, "அம்மாளாச்சி" என்று மட்டும் சொன்னாள். குலம் அதைத் தொடவில்லை.

"எனக்கேன் காட்டுறீங்கள்? இது என்ர இல்லை. கென் இன்னும் இருக்கிறார். நான் வருசத்துக்கு ரெண்டு மூண்டு தரம் போய்ப் பாக்கிறனான்."

"அவருக்குச் சொன்னனியோ?"

"எதைச் சொல்லுறது? உங்களைச் சொன்னா அக்காவுக்கு வெக்கம். எனக்கு உங்களில இரக்கமில்லை, விளங்குதே? அக்காவுக்காகத்தான் வாய் திறக்கேல்லை."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். "எனக்கு அது வேண்டாம். வைச்சு நான் என்ன செய்யிறது? முதல்ல கிழவனிட்டக் குடுங்கோ. பிறகு மருமகனுக்குச் சொல்லுங்கோ. போனில குசுகுசுக்கக் கூடாது. ஊர் கேக்கத்தானே என்னைக் கள்ளன் எண்டனீங்கள், ஊர் படிக்க எழுதுங்கோ. உங்களுக்குத்தான் எழுத்து வருமே." ராணி அன்ரி, "அப்பிடியெண்டா கல்யாணத்துக்கு?" என்று இடையில் கேட்டாள். "அட்டையில இல்லை, அவன் வாயால கூப்பிட்டா வருவன்" என்றான். "அந்தக் கடை வாசல்ல அவன் என்னை ஏசேல்லை. 'மாமா' எண்டு தொடங்கித்தான் சொன்னவன். ஏசியிருந்தா மறந்திருப்பன். தகப்பன் சொல்லி நான் அவன்ர தலையில கை வைக்கமாட்டன். அவன் கூப்பிடோணும்."

அடுத்த சனிக்கிழமை கென்னிடம் போனேன். எண்பது தாண்டிவிட்டார். மணிக்கூட்டை உள்ளங்கையில் வைத்து மூடியைப் பெருவிரலால் துடைத்தார். "பெப்பர் மரத்தடியா?" என்றார். ஆம் என்றேன். "எப்போது?" சொன்னேன். "நாலு வருஷத்துக்கு முன் என் அக்கா இறந்துவிட்டாள்" என்றார். ஏசவில்லை. தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்கவுமில்லை. நான் வந்த வழியே காரை எடுத்தேன். கொடுத்துவிட்டால் பாரம் இறங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இறங்கவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தது ஒரு பழைய வெள்ளிச் சாமான். அந்த மனுஷி அறிய விரும்பிய செய்தியை நான் பதினொரு வருஷம் கராஜில் வைத்துக் கெடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நேற்று உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சொக்ஸ் வரும் இடத்தில் அவள் கையை உயர்த்தினாள். "அது எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்பிடி?"

"அண்டைக்கு உங்கட சொக்ஸைத் தோய்ச்சது ஆர்? வட்டமா மண் பிடிச்சிருந்தது, தகரப் பேணி மூடி அளவுக்கு. விருந்தில நீங்கள் வாய் திறந்த உடனே எனக்கு விளங்கீட்டுது."

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா நீங்கள் எனக்கும் பொய் சொல்லுவீங்கள். பிறகு நான் எங்க போறது?"

அவ்வளவுதான் அவள் சொன்னது. பதினொரு வருஷம் அவள் தன் தம்பியைக் கோயில் வீதியில் மட்டும் கண்டு, மூன்று நிமிஷம் கதைத்து, எனக்குச் சமைக்க வீட்டுக்கு வந்தாள். நான் மட்டும் அடைபட்டிருந்தேன் என்று இவ்வளவு நாளும் எண்ணியிருந்தேன். அந்த அறைக்குள் அவளும் இருந்திருக்கிறாள், ஒரு சத்தமும் போடாமல்.

இதைப் படித்துவிட்டு நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. என் பட்டத்தைத் தள்ளியவரை நான் மன்னிக்கவில்லை. பாலம் கட்டுகிற அந்த இருவரின் படத்தை யாராவது அனுப்பினால் இன்றைக்கும் திறக்க மாட்டேன். குலத்தின் மேலும் எனக்கு இன்னும் ஏதோ இருக்கிறது; அவன் எனக்குச் செய்த குற்றம் ஒன்றும் இல்லை என்பதால் அதற்கு ஒரு பெயர் வைக்க முடியவில்லை. இத்தனை வருஷக் கசப்பு ஒரு கடிதத்தோடு கரையாது. ஆனால் என் கசப்பை நீ சீதனமாகக் கொண்டுபோக வேண்டியதில்லை. நீ மாமாவை வெறுத்தது என் வாயால். அந்த வெறுப்பை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், அது என்னுடையது.

மாமாவின் போன் இலக்கம் மாறவில்லை. அவன் காலை ஐந்தரைக்கே எழும்புவான், ஏழு மணிக்கு முன் போன் எடு, பிறகு டாக்சியில் ஏறிவிட்டால் எடுக்க மாட்டான். என்ன சொல்வதென்று என்னிடம் கேட்காதே. என் மேல் உள்ள கோபம் ஆறட்டும், பிறகு எடுக்கிறேன் என்று பின்போடாதே. அது ஆற நாளாகும், ஆறாமலும் போகலாம், கல்யாணத்துக்கு மூன்று கிழமைதான்.

நீ எடுக்காமல் விட்டாலும் நான் குறை சொல்ல முடியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். தாய்மாமன் இல்லாத இடத்தில் தகப்பனே முதல் கை வைக்கலாம், சாஸ்திரத்தில் தடையில்லை என்று ஐயர் போனில் சொன்னார். உன்னிடமும் சொல்வார். சம்மதிக்காதே. குலம் வராவிட்டால் அந்த முதல் கை வைக்கப்படாமலே போகட்டும். நான் ஓரத்தில் நிற்கிறேன்.

அப்பா